ஏ9 வீதியை விட்டு ஒரு நாள் இறங்குங்கள்

ஆடி பிறந்தால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகன், லண்டனுக்குப் போன பள்ளிக்கூடத்துச் சிநேகிதி, கொழும்பில் வேலை செய்கிற யாராவது ஒருவர் என்று மாறி மாறி எடுப்பார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "நல்லூர்த் திருவிழாவுக்கு வாறம் அக்கா, போற வழியில கிளிநொச்சியில ஒரு அரை மணித்தியாலம் நிக்கலாம், என்ன பாக்க இருக்கு?"

அந்த அரை மணித்தியாலத்தை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில், முறிகண்டியில் வான் நிற்கும், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள். கிளிநொச்சியில் போரில் சரிந்து விழுந்த தண்ணீர்த் தாங்கியோடு ஒரு படம். ஆனையிறவில் புல்டோசர் நினைவுச் சின்னத்தோடு இன்னொரு படம். பிறகு வான் கதவு பூட்டுப்படும், யாழ்ப்பாணம் போய்விடுவார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே கிடக்கிற எங்கள் வன்னி அவ்வளவோடு முடிந்துவிட்டது.

இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அதனால் தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லுகிறதை எல்லாம் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்கிறவர்களுக்கு இனி இதை அனுப்பலாம்.

நான் கிளிநொச்சி உருத்திரபுரத்துப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் வீட்டு இலக்கம் கேட்டு ஒருவரும் வழி தேடுவதில்லை. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால், டி மூன்று, டி ஐந்து என்று சொன்னால் போதும், ஆளைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் போதாமல் நெருக்கடிப்பட்ட குடும்பங்களை 1936இல் இங்கே கொண்டுவந்து குடியேற்றியபோது இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்த ஒழுங்கில்தான் ஊர்களும் அமைந்தன. எங்கள் அப்பப்பாவும் அப்படி வந்த ஒருவர்தான். 2008 கடைசியில் நாங்கள் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வோர் இடமாகத் தள்ளுப்பட்டு, பிறகு செட்டிகுளத்து முகாமில் இருந்து, 2010இல்தான் திரும்பி வந்தோம். கீழே நான் உங்களைப் போகச் சொல்லுகிற பாதையில் பாதி, அப்போது நாங்கள் சாமான் மூட்டையோடு போன பாதைதான். அதைத் தெரிந்துகொண்டு வாசியுங்கள்.

எப்போது வருவது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்குப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைதான் கணக்கு, ஆகவே ஆடி ஆவணியில் வருகிறார்கள். அந்த நேரம் சோளகம் புழுதியை அள்ளி வீசும், குளங்களில் தண்ணீர் கீழே போயிருக்கும், சிறுபோகம் என்று கோடையிலும் நெல் செய்கிற பக்கங்களைத் தவிர மற்ற வயலெல்லாம் வெறுமையாகக் கிடக்கும். வன்னி என்றால் காய்ந்த நிலம் என்ற நினைப்போடு போய்விடுவார்கள். முடிந்தால் மார்கழிக் கடைசிக்கும் மாசிக்கும் இடையில் வாருங்கள். மழை விட்டிருக்கும், குளங்கள் முட்டியிருக்கும், மழைக்கு விதைத்த காலபோக நெல் பச்சையில் இருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருக்கும், பனி விழுகிற விடியற்காலையில் வயல் வரம்பில் நின்றால் கொக்குகள் எழும்புகிற சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது. ஐப்பசி கார்த்திகையில் வருகிறவர்கள் மழையைக் கணக்கில் எடுக்க வேண்டும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்து வான்கதவுகளைத் திறந்து வெள்ளம் பாய்ந்த அந்த இரவை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மழைக்காலத்தில் சின்ன வீதிகளுக்குக் குறுக்கே தண்ணீர் பாய்ந்தால், ஆழம் தெரியாமல் வாகனத்தை இறக்காதீர்கள்.

வருவதற்கு ரயில் நல்லது. வட பகுதிப் பாதை 1990 முதல் செத்துக் கிடந்து, 2013 செப்ரெம்பர் 14இல்தான் கிளிநொச்சி வரைக்கும் திரும்ப ரயில் வந்தது. அன்றைக்கு எங்கள் ஊர்ச் சனம் வேலை வெட்டியை விட்டுவிட்டு நிலையத்தில் நின்றது. ரயில் என்ற ஒன்றைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் தண்டவாளத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வவுனியா தாண்டினால் யன்னல் பக்கம் இருங்கள். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று போகப் போக இரண்டு பக்கமும் காடு கிட்ட வரும்.

வாகனத்தில் வருகிறவர்களுக்கு ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாதைக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. ஏ9இல் இருந்து உள்வீதிக்குத் திரும்புகிற இடங்களில் பாதுகாப்பற்ற புகையிரதக் கடவைகள் இருக்கின்றன, அங்கே போன உயிர்கள் கொஞ்சமில்லை. பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள், இரண்டு பக்கமும் பாருங்கள். இரவில் மாடுகள் தார் வீதியின் சூட்டுக்கு நடு ரோட்டில் வந்து படுக்கும். மாங்குளம் முல்லைத்தீவு வீதியிலும் நெடுங்கேணிப் பக்கத்திலும் பொழுதுபட்ட பிறகு யானை வரும். பகலில் ஓடி இருட்ட முன் ஒரு ஊரில் தங்குவதுதான் இங்கே பயண ஒழுங்கு.

சரி, முறிகண்டியில் தொடங்குவோம். எல்லோரும் நிற்கிற இடம் என்பதற்காக அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். சின்னக் கோயில்தான், ஆனால் இந்த வழியால் போகிற பஸ்ஸோ லொறியோ அதற்கு முன்னால் நிற்காமல் போவது அரிது. சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் திருநீறு பூசிக்கொண்டு வந்த பிறகுதான் பயணம் தொடரும். அங்கே கச்சான் விற்கிற அம்மாக்களிடம் ஒரு சரை வாங்கிக்கொண்டு ஓடிப் போகாமல், ஐந்து நிமிடம் அவர்களோடு கதையுங்கள். "எந்த ஊர் பிள்ளை?" என்று அவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்வியை வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் தங்கள் சொந்த விசயத்தில் தலையிடுவதாக எடுக்கிறார்கள். அப்படி இல்லை. இருபது முப்பது வருடமாக இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த சனத்துக்கு, எதிரே நிற்கிறவர் எந்த ஊர், யாருடைய ஆள் என்று கேட்பதுதான் முதல் மரியாதை. தெரிந்த ஒருவரைப் பற்றி ஏதாவது தகவல் கிடைக்காதா என்ற ஏக்கமும் அந்தக் கேள்வியில் இருக்கும். அப்பாவின் ஊரையோ அம்மாவின் ஊரையோ சொல்லுங்கள். பதிலுக்கு நீங்களும் கேளுங்கள்.

கிளிநொச்சி ஊருக்குள் பார்க்க வேண்டியது தண்ணீர்த் தாங்கி இல்லை. போர் முடிந்த முதல் வருடங்களில் தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்து அதைப் பார்த்தார்கள், புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவர் பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டைப் பார்த்தார்கள், அந்த வீட்டையும் 2013இல் தகர்த்துவிட்டார்கள். கொங்கிரீட் கட்டியில் எறிகணை துளைத்து மேலே தாமரை பூத்தது போல ஒரு வெற்றிச் சின்னமும் வீதியோரம் நிற்கிறது. இவை எல்லாம் எங்களைப் பற்றி மற்றவர்கள் சொன்ன கதைகள். நாங்கள் சொல்லுகிற கதையைக் கேட்க வேண்டுமானால் கந்தசுவாமி கோயிலடிக்கு வாருங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி அந்த இடத்தில்தான் பிள்ளைகளின் படங்களோடு வந்து இருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். பதில் வராமலே செத்துப்போன அம்மாக்களும் அப்பாக்களும் பலர். அவர்களில் ஒருவரைக் கண்டால் பக்கத்தில் இருந்து கேளுங்கள், படத்தில் இருக்கிற பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். பெயரைக் கேட்டாலே அவர்களுக்குப் போதும். கமெராவைப் பையிலேயே வையுங்கள், அவர்களாகச் சொன்னால் மட்டும் எடுங்கள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு இரணைமடுக் குளக்கட்டுக்குப் போய்விட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1902இல் வேலை தொடங்கி 1920களில்தான் முடித்த குளம் இது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. இரணை என்றால் இரட்டை, இரண்டு மடுக்கள் சேர்ந்ததால் அந்தப் பெயர். கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல் போலத் தண்ணீர், மறுபக்கம் துருசால், அதாவது மதகால் இறங்கி வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து போகிற வயல். எங்கள் ஊர்க் கமக்காரர் அந்தத் தண்ணீரை அடிக்கணக்கில்தான் கதைப்பார்கள். "குளம் எத்தினை அடி நிக்குது?" என்பது காலையில் தேத்தண்ணிக் கடையில் கேட்கிற முதல் கேள்வி. அந்த எண்ணை வைத்துத்தான் சிறுபோகம் எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள், அந்த முடிவில்தான் பிள்ளையின் படிப்பு, மகளின் கல்யாணம், வங்கிக் கடன் எல்லாம் நிற்கும். சூரியன் விழுகிற நேரம் வள்ளங்கள் வலை போடப் போகும். பக்கத்தில் கனகாம்பிகை அம்மன் கோயில் மணி கேட்கும். பெரியம்மாவின் மகனை நான்கு வருடங்களுக்கு முன்னர் அங்கே கொண்டுபோய் விட்டேன், ஒரு மணித்தியாலம் அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பா இந்தத் தண்ணியைப் பற்றித்தான் எப்பவும் சொல்லுவார்" என்றான். அவனுடைய அப்பா ரொறன்ரோவில் காலமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது.

அன்றிரவு கிளிநொச்சியில் தங்குங்கள். தங்குமிடங்கள் இருக்கின்றன. ஒன்று கவனிக்க வேண்டும்: கொழும்பிலேயே பணம் கட்டி "வன்னிச் சுற்றுலா" என்று வாங்கி வராதீர்கள். என் சிநேகிதியின் குடும்பம் அப்படி ஒரு பயண முகவரிடம் முழு நாளுக்குக் காசு கட்டி வந்தது. வான்காரர் இரண்டு மணித்தியாலத்தில் மூன்று இடத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம் கொண்டுபோய்விட்டார். அவருக்கு இந்த ஊர் தெரியாது, அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. இங்கே வந்து இங்கேயுள்ள ஒரு ஓட்டோ அண்ணையையோ வான் அண்ணையையோ பிடியுங்கள். நாள் வாடகையை முதலே கதைத்து முடியுங்கள். அவருக்கு எந்த வளைவில் பாலைப்பழம் விற்பார்கள், எந்த வீட்டில் எருமைத் தயிர் வாங்கலாம், எந்தக் குளத்தில் இன்றைக்கு விரால் பட்டது என்பதெல்லாம் தெரியும். உங்கள் காசும் இந்த மண்ணில் நிற்கும்.

பாலைப்பழம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனி ஆடியில் வருகிறவர்களுக்கு இந்த வெயிலுக்கு ஈடாகக் கிடைக்கிறது அது ஒன்றுதான். விரல் நுனியளவு மஞ்சள் பழம், தேன் போல இனிக்கும், தின்றால் உதடு ஒட்டும். பாலை மரம் வளர்ந்து நிற்க எத்தனையோ காலம் எடுக்கும், அதனால் வீதியோரம் சின்னப் பிள்ளைகள் கொண்டுவந்து விற்கிற பழத்தைக் காட்டு மரத்தில் இருந்துதான் பறித்திருப்பார்கள். வாங்கும்போது கொப்போடு முறித்த பழம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொப்பை முறித்தால் அடுத்த வருடத்துக்கு மரமில்லை. அதே போல மான் இறைச்சி, மரை வற்றல் என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் வாங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம், காட்டுக்கும் கேடு.

இனித்தான் நான் சொல்ல வந்த பாதை. மாங்குளத்தில் ஏ9ஐ விட்டுக் கிழக்கே திரும்பி முல்லைத்தீவு போய், அங்கிருந்து வட்டுவாகல், புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் பரந்தனில் திரும்பவும் ஏ9க்கு ஏறுவது. இரண்டு வீதியும் சேர்த்துச் சுமார் 100 கிலோமீற்றர். ஓடினால் இரண்டு மணித்தியாலம். நீங்கள் ஒரு பகல் முழுக்க எடுங்கள்.

காட்டு வழியால் போய் முதலில் ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கற்சிலைமடுவுக்குப் போங்கள். வன்னிக்கு அடங்காப்பற்று என்று ஒரு பழைய பெயர் இருக்கிறது, யாருக்கும் அடங்காத நிலம் என்ற அந்தப் பெயருக்குரிய கடைசி ஆள், வன்னிக் குறுநில மன்னன் பண்டாரவன்னியன். 1803 ஓகஸ்ற் 25இல் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தான். அதே வருடம் ஒக்ரோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்ரின் வொன் டிறிபேர்க் இந்தக் காட்டில் அவனைத் தோற்கடித்தான். பண்டாரவன்னியனை இந்த இடத்துக்குக் கிட்டத் தோற்கடித்ததாக ஆங்கிலத்தில் எழுதி ஒரு கல் நட்டார்கள். தோற்கடித்தவர்களுக்காக நட்ட கல், தோற்றவனுடைய நினைவுக் கல்லாகி, எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தத் திகதியை மனப்பாடமாகச் சொல்லுகிறார்கள். கோட்டையைத் தேடி முல்லைத்தீவில் அலையாதீர்கள், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு முள்ளியவளை. கோவலன் கூத்துக்குப் பேர்போன ஊர். அங்கே காட்டா விநாயகர் கோயில், கொஞ்சம் தள்ளி நந்திக்கடல் என்ற களப்பின் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன். இந்தக் கோயிலுக்கு வராமல் வன்னிக்கு வந்தேன் என்று சொல்லாதீர்கள். மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் கடல் கடந்து வந்து இடம் இடமாகத் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடம் என்பதால் பத்தாம் பளை, அதுவே வற்றாப்பளை ஆனது என்பார்கள். மாடு மேய்க்கிற பொடியன்களிடம் ஒரு கிழவியாக வந்து பசிக்கிறது என்றாளாம். அவர்கள் பால் கறந்து பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றார்கள், கடல் தண்ணீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். முடியை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள். வைகாசியில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு மறைந்தாள். இன்றைக்கும் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து அந்த உப்புத் தண்ணீரில்தான் விளக்கு எரிக்கிறார்கள். வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை பொங்கல். மூலை முடுக்கெல்லாம் இருந்து சனம் நடந்து வரும், காவடி வரும், தூக்குக்காவடி வரும். அந்த இரவில் நந்திக்கடற்கரை மணலில் பாயைப் போட்டுக்கொண்டு கிடக்கிற குடும்பங்களோடு நீங்களும் இருங்கள். ஆண்கள் ஒரு வேட்டி கொண்டு வாருங்கள்.

பசியோடு வந்த ஒரு வழிப்போக்கரைப் பொடியன்கள் உட்கார வைத்துப் பொங்கிக் கொடுத்ததில்தான் எங்கள் பெரிய கோயிலின் கதையே தொடங்குகிறது. அதனால்தானோ என்னவோ, இங்கே எந்த வீட்டுப் படலையைத் திறந்தாலும் "இருங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று வரும். வெறும் சீனி போட்ட பிளேன்ரீதான், சில வீட்டில் சீனியும் பக்கத்து வீட்டில் வாங்கியதாக இருக்கும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். குடித்துவிட்டு மேசையில் காசு வைத்துவிட்டு வருவதும் வேண்டாம், அது அவர்களை நோகப் பண்ணும். பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சில் கொடுங்கள், அல்லது அந்த அம்மா பின்னுகிற பனையோலைப் பெட்டியில் ஒன்றை நியாயமான விலைக்கு வாங்குங்கள்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்று மீன் கரைக்கு வருவதைப் பாருங்கள். 2004 மார்கழியில் சுனாமி அடித்துத் துடைத்துக்கொண்டு போன கரை அது. குளிக்க இறங்க முன் அங்கே நிற்கிற கடற்தொழிலாளரிடம் கேளுங்கள், நீரோட்டம் அவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு மேல் முல்லைத்தீவு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, மீன் சாப்பாடு எந்தக் கடையிலும் நன்றாக இருக்கும்.

வட்டுவாகல் பாலம் தாண்டினால் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல், நடுவில் ஒடுங்கிய மணல். 2009இல் அந்த மணலில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். மே மாதம் இந்தப் பாலத்தால்தான் வெளியே வந்தோம். எங்கள் சித்தியையும் அவவின் கடைசிப் பிள்ளையையும் கொண்டுவர முடியவில்லை. முள்ளிவாய்க்கால் கிழக்கில் நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மே 18இல் சனம் கூடும், அதற்கு முந்திய நாட்களில் ஊர் ஊராகக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். அன்றைக்கு அதுதான் கிடைத்தது. உங்கள் கையில் ஒரு சிரட்டை கஞ்சி தந்தால் நின்று குடியுங்கள்.

ஒரு தடவை மே 18இல், வெளியில் இருந்து வந்த இளம் பொடியன் ஒருவன், நிலத்தில் விழுந்து அழுகிற ஒரு அம்மாவின் முகத்துக்கு ஒரு முழம் கிட்டக் கமெராவைக் கொண்டுபோய்ப் பிடித்தான். அவனில் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்திருப்பான். என் அம்மா எழும்பிப் போய் அவனுடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கி, "தம்பி, முதல் நீ அழு" என்றா. அவன் அந்த இடத்திலேயே குந்திவிட்டான். பிறகு அவனே அந்த அம்மாவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான், பின்னேரம் அவவைப் பஸ் ஏற்றிவிட்டதும் அவன்தான். செத்த வீட்டுக்குப் போனால் எப்படி நடப்போமோ அப்படித்தான் இந்த மணலில் நடக்க வேண்டும். அங்கே போய்ச் சிரித்துக்கொண்டு படம் எடுக்கிறவர்களைக் காணும்போது, பக்கத்தில் நிற்கிற எங்களுக்கு வாய் திறக்க முடிவதில்லை.

இன்னொன்று. காலோ கையோ இல்லாத ஒருவரைக் கடையிலோ வயலிலோ கண்டால் "இயக்கத்தில இருந்தனீங்களோ?" என்று கேட்காதீர்கள். என் முன்னாலேயே இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், பெருமையாக நினைத்துத்தான் கேட்கிறார்கள். ஆனால் நீங்கள் பிளேன் ஏறிப் போய்விடுவீர்கள், அந்தப் பதிலோடு இங்கே இருக்கப் போகிறவர் அவர். அந்த அண்ணையிடம் இந்த வருடம் விளைச்சல் எப்படி, நெல்லு என்ன விலை போகிறது என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பியதைத் தானாகவே சொல்லுவார்.

புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் வழியாகப் பரந்தன் வருகிற வீதி இப்போது நல்ல காப்பெற் வீதி. வயலும் தென்னந்தோட்டமும் பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வருகிற பிள்ளைகளும்தான் தெரியும். வேண்டுமென்றே நான் இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

ஆனால் சிவப்புப் பலகை கண்டால் நில்லுங்கள். மண்டையோடு போட்டு, மிதிவெடி என்று எழுதியிருக்கும். பரந்தனுக்கு வடக்கே பளை, முகமாலைப் பக்கம் உலகத்திலேயே அதிகம் வெடி புதைத்த நிலங்களில் ஒன்று என்பார்கள். வருடக்கணக்காகத் தோண்டித் தோண்டி எடுக்கிறார்கள். வெயிலில் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக அந்த வேலையைச் செய்கிறவர்களில் பெண்கள் நிறையப் பேர், குடும்பத்தைத் தனியே தூக்கிச் சுமக்கிறவர்கள். படம் எடுக்கவோ அவசரத்துக்கு ஒதுங்கவோ பற்றைக்குள் இறங்காதீர்கள். சனம் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை இருந்தால் மட்டும் அதில் நடவுங்கள். பழைய இரும்பு ஏதாவது கிடந்தால் நினைவுக்கென்று எடுக்கவே கூடாது. இராணுவ முகாம்களைப் படம் பிடிப்பதும் வேண்டாம்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் மேற்கே பூநகரி. பழைய கோட்டை, கௌதாரிமுனை மணற்குன்றுகள், மண்ணித்தலையில் மண்ணுக்குள் பாதி போன சிவன் கோயில், பிறகு 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம். பறவை பார்க்கிறவர்கள் கிழக்கே சுண்டிக்குளம் போகலாம், மழைக்குப் பிந்திய மாதங்களில் பூநாரைகள் வரும். ஆவணியில் வருகிற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மடு மாதாவை நான் சொல்லத் தேவையில்லை, ஓகஸ்ற் 15 திருவிழாவுக்கு காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்குவதை அம்மம்மாமார் சொல்லியிருப்பார்கள்.

ஆனையிறவில் படம் எடுக்க நினைத்தால் உப்பளத்தைப் பாருங்கள். காற்றும் வெயிலும் சேர்ந்து கடல்நீரை வெள்ளையாக்குகிறதைப் பார்க்கலாம். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை அந்தக் காலத்தில் இந்த ஆழமில்லாத தண்ணீரால்தான் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள், பெயரும் அதனால்தான்.

கடைசியாக, என்ன கொண்டு வரவேண்டும் என்று கேட்பவர்களுக்கு. சொக்கிலேற் பைகள் வேண்டாம். வீதியில் வாகனத்தை நிறுத்தி யன்னலால் பிள்ளைகளுக்கு நீட்டுவதை எங்கள் பள்ளிக்கூடத்தில் நாங்கள் எவ்வளவோ சொல்லித்தான் நிறுத்தினோம். அதுவரைக்கும் பிள்ளைகள் வாகனத்துக்குப் பின்னால் ஓடப் பழகியிருந்தார்கள். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், நுளம்புக்குப் பூசுகிற மருந்து, ஒரு வேட்டி அல்லது சேலை, நடக்க வசதியான செருப்பு. இடமிருந்தால் நாலு தமிழ்க் கதைப் புத்தகம், எட்டு வயதுப் பிள்ளை வாசிக்கிற மாதிரி. எங்கள் வாசிகசாலையில் அந்த அலுமாரி மட்டும் இன்னும் பாதி வெறுமையாக இருக்கிறது. கிளிநொச்சியில் இறங்கி உருத்திரபுரம் பஸ் ஏறி, பத்தாம் வாய்க்காலடியில் இறங்கி வாசிகசாலை எங்கே என்று யாரையாவது கேளுங்கள். கூட்டிக்கொண்டு வருவார்கள்.